உன் மகனின் கால்கள் சொன்னது

என் வயிற்றில் பிறந்து எனக்கு முன்னே போய்விட்ட எய்யா செல்லத்துரைக்கு,

பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மூத்த மகள் மலர் நர்ஸ் படிப்பை முடித்து ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் வெள்ளை உடுப்போடு தெருவில் இறங்கும்போது நான் வாசலுக்கு வந்து, யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன். உன் தங்கச்சி மகள் கபடியில் மாவட்ட அணிக்குப் போய், எதிரணிக்காரி ஒருத்தியின் பல்லை உடைத்துவிட்டு வந்திருக்கிறாள். உன் மகன் கதிர் இன்னும் யாரையும் வெட்டவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய வெற்றி. எப்படி என்று கேள்.

உப்பு லோடு யார் லாரிக்கு என்ற தகராறில் உன்னை முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் வைத்து வெட்டினான் பொன்ராசு. நீ கையைத் தூக்கித் தடுத்தாய், விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்தவள் நான். பால் குடித்த வாய் எது, வெட்டு விழுந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த கதிர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை.

அன்றிலிருந்து அவனுக்குப் பேச்சு குறைந்தது. வலது கை மூடியே இருக்கும்; சோற்றில் கை வைக்கும்போதுதான் விரியும். "பய வைராக்கியத்த கையில பிடிச்சு வச்சிருக்கான், பாருங்க ஆச்சி" என்பான் உன் கூட்டாளி மாரியப்பன். நானும் அதை வைராக்கியம் என்றே நம்பினேன். பொன்ராசுவைப் பெற்றவளும் என்னைப் போல ஒரு துணியை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டேன். இப்போதும் சில நாள் கேட்கிறேன்.

பொன்ராசு ஜாமீனில் வந்து அதே ஸ்டாப்பில் டீ குடிக்கிறான் என்று தெரிந்த அன்று, கதிர் கொல்லையில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டினான். மலர்தான் அதைப் பிடுங்கினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் ஒழுக ஒழுக அவனிடம் சொன்னாள், ஒரு டீச்சர் இருக்கிறார், ஆட்டத்தாலும் உடம்பு அசைவாலும் மனசைத் தேற்றுகிறவர், ஒருதடவை வா என்று.

எனக்கு வந்ததே கோபம். "ஏளா, தகப்பன வெட்டுனவன் டீ குடிக்கான், இவன் ஆடப் போகணுமாக்கும்?"

"அவன் வாயால சொல்ல மாட்டுக்கான் ஆச்சி. உடம்பாலயாவது சொல்லட்டும்."

தெருப் பயல்கள் சும்மா இருப்பார்களா? "ஏலே கதிரு, சலங்கை வாங்கியாச்சா?" ஒருவன் மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது.

நானும் கூடப் போனேன். பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய ஹால். சலங்கையும் இல்லை, பாட்டும் இல்லை. மன்னித்துவிடு, மறந்துவிடு என்று ஏதாவது சொன்னால் டீச்சரின் கன்னத்தில் ஒன்று வைப்பதென்றே போயிருந்தேன். அவள் சொன்னது வேறு.

"உங்க கை என்ன செய்யணும்னு கேக்குதோ, அதைச் செய்ங்க கதிர்."

வெட்டினான். காற்றைத்தான் வெட்டினான், ஆனால் அந்த வீச்சில் எனக்கு முதுகு கூசியது. அவன் வாயோரம் நுரை தள்ளியது. டீச்சர் மிரளவில்லை. "அதையே மெதுவா செய்ங்க. தண்ணிக்குள்ள வெட்டுற மாதிரி" என்றாள். அவன் மெதுவாக வெட்டியபோதுதான் பார்த்தோம், எய்யா. கை முன்னால் போகிறது. கால் இரண்டும் வாசல் பக்கம் திரும்பி நடுங்குகின்றன.

"கையை விட்டுடுங்க. கால் என்ன கேக்குது?"

ஓடினான். ஹாலைச் சுற்றிச் சுற்றி, பிடிக்கப் போன மலரைத் தள்ளிவிட்டு, சுவரில் மோதி நெற்றி உடைந்து, எழுந்து மறுபடியும் ஓடினான். கடைசியில் என் மடியில் வந்து விழுந்தான்.

"பொன்ராசு மொத வெட்டு வெட்டுனத பாத்தேன் ஆச்சி. அப்பா 'கதிரு'ன்னு கூப்பிட்டாவ. நான் திரும்பியே பாக்காம ஓடிட்டேன்."

நீ எதற்காகக் கூப்பிட்டாய், எய்யா? காப்பாற்று என்றா, ஓடிப் போ என்றா? அது உனக்குத்தான் தெரியும். நான் யாரிடம் போய்க் கேட்க?

"ஓடுனதாலதாம்லே நீ எனக்கு மிஞ்சியிருக்க" என்று அவன் முதுகில் ஓங்கி அறைந்தேன். கொஞ்சவெல்லாம் அப்போது எனக்குக் கை வரவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் என்னையும் இழுத்து நிறுத்தினாள். நம் பெண்கள் இழவு வீட்டில் மாரடிப்பது போல அடித்தேன். பிறகு தரையை மிதித்தேன். பொன்ராசுவின் குரல்வளை காலடியில் கிடக்கிறது என்று நினைத்து மிதித்தேன். "டீச்சர், கழுத்துல மிதிச்சா போதுமா, நெஞ்சுலயும் மிதிக்கவா?" என்று கேட்டேன். "எங்க வேணும்னாலும் மிதிங்க ஆச்சி. தரைக்கு வலிக்காது" என்றாள். வீட்டுக்கு வந்து, நீ போன பிறகு முதல்முறையாக விடிகிறவரை தூங்கினேன்.

உன் நினைவு நாள் நெருங்குகிறதே, மாரியப்பன் ஆட்களோடு வந்தான். வருஷா வருஷம் அவர்கள் சுவரெல்லாம் உன் போஸ்டர் ஒட்டுவதும், அதில் 'காத்திருக்கிறோம்' என்று எழுதுவதும் உனக்குத் தெரியும்.

"இந்த வருசம் பெருசா போடுதோம் ஆச்சி. அண்ணனுக்குக் கீழ கதிரு நிக்கணும். அரிவாளோட புது போட்டோ ஒண்ணு எடுத்துத் தாங்க."

வீடு கூட்டுகிற வாரியலை நான் எடுப்பதற்குள் கதிர் எழுந்துவிட்டான். அவன் கை விரிந்திருந்தது.

"அரிவாள் இல்லாத போட்டோ ஒண்ணு இருக்கு சித்தப்பா, தாரேன். கீழ என்ன எழுதணும்னு நாஞ் சொல்லுதேன். 'மகன் அன்னைக்கு ஓடிட்டான், இன்னைக்குச் சாட்சி சொல்ல வாரான்'னு எழுதுங்க."

"தூ, பொட்டப் பயலே!" என்று துப்பிவிட்டுப் போனார்கள். எச்சிலைத் துடைத்துவிட்டு, கதிர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான்.

இத்தனை காலம் அவன் வக்கீலிடம்கூட வாய் திறக்கவில்லை. பார்த்ததைச் சொன்னால் ஓடியதையும் சொல்ல வேண்டுமே! இப்போது சொல்லுவான். பொன்ராசுவின் ஆட்களுக்கும் அது தெரிந்துவிட்டது. நம் தெருவில் பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

போகட்டும். கதிர் கோர்ட்டுப் படி ஏறுகிற அன்று நான் அவனுக்கு முன்னால் நடப்பேன். அவன்மேல் விழ வருகிற வெட்டு முதலில் என்மேல் விழ வேண்டும். மறுபடியும் ஒரு துணியை விலக்கிப் பார்க்க மாட்டேன், எய்யா. இது உன்மேல் சத்தியம்.

உன்னைப் பெற்றவள்,
உயிரோடு இருக்கும் கதிரின் ஆச்சி.