வாசலில் கழற்றிய ஷூ

அன்புள்ள அம்மாவுக்கு, டொராண்டோவிலிருந்து சந்தியா வணக்கத்துடன் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆபீசில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு அரங்கம் வரைகிறோம். கட்டடத்தின் உயரம் புரிவதற்காகப் படத்தில் மனித உருவங்களை ஒட்டுவது வழக்கம். நான் இளவரசன் அண்ணனை ஒட்டினேன். மாவட்டப் போட்டியில் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறானே, அந்தப் போட்டோ. பிள்ளையார்பாளையம் தெருவிலேயே ஓடிப் பழகியவன், செத்த பிறகாவது இப்படி ஓர் அரங்கத்தைப் பார்க்கட்டும் என்று வாசலில் நிறுத்தினேன்.

நேற்று அச்சாகி வந்த படத்தில் அவன் உள்ளே ஓடுதளத்தில் நிற்கிறான், வெறுங்காலோடு. ஷூ இரண்டும் வாசலில் இருக்கின்றன. "ஷூவ கழட்டிட்டு வாடா, உள்ள தறி இருக்குது" என்று அப்பா கத்துவாரே, அப்படி. யார் வேலை இது என்று ஆபீசில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ விளையாடியிருப்பார்கள், நீ பயப்படாதே.

பருப்புப்பொடி கொஞ்சம் அதிகமாகவே அனுப்பு. என் ஒருத்திக்காக மட்டும் சமைக்கப் பிடிக்கவில்லை.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. அந்த ஷூவை அவனோடு சேர்த்தே எரித்துவிட்டோம், எனக்கும் நினைவிருக்கிறது. ஆனாலும் இது கிடைத்த மறுநாள் காலை, அப்பா எழுவதற்கு முன்னால் நம் வாசலை ஒருமுறை பார், அம்மா.

உன் சந்தியா