மேட்டில் கொதிக்காத வண்டி

ஜூலை 18, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஆடிக்காற்று. என் ரப்பர் சாமான் கடை ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே ஒரு படி மண். கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை ஏழு வீட்டுக்குப் போனது. தேனியில் காற்றுக்கு நன்றி சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் இவர் முகம் செத்து வந்தார். போடி ஏலக்காய்க்கடை அண்ணாச்சியின் பழைய அமெரிக்க வண்டி மறுபடியும் கொதித்துவிட்டது. (இனி போ.அ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) நீள மூக்கு, இரண்டே கதவு, ஸ்டியரிங் இடது பக்கம். எட்டு மாதமாக இவர் ஒர்க்ஷாப்பில் எஞ்சினை இறக்கி ஏற்றி உயிரைக் கொடுத்த வண்டி. சின்னமனூர் பைபாஸில் எண்பதைத் தொட்டுப் பத்து நிமிஷம் ஓடினால் சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போகிறது. மூன்றாவது தடவை.

சாப்பிடும்போது சொன்னார். "இந்த ஒரு வண்டிய ஓட்டிக் காட்ட முடியலேன்னா நான் மெக்கானிக்கே இல்ல, சீலி. மஸ்கட்ல பழைய முதலாளி கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. போயிருறேன்."

பதினோரு வருஷம் இவர் அங்கே, நான் இங்கே, போனிலேயே குடும்பம் நடத்தியாச்சு. திரும்பி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கோபம் வண்டி மேலா, இவர் மேலா, தெரியவில்லை.

ஜூலை 19, சனி

மாற்றியவை: ரேடியேட்டர். அதன் மூடி. தெர்மோஸ்டாட் இரண்டு தடவை. வாட்டர் பம்ப். ஃபேன் பெல்ட். மாற்றாதது: இவர் மூஞ்சி.

போடிமெட்டுக்கு ஏற்றிப் பார்க்கப் போனார். இந்தப் பக்கம் எந்த வண்டிக்கும் அதுதான் பரீட்சை. மேடு ஏறினால் பாஸ். எல்லா வளைவும் ஏறி, மேலே டீ குடித்துவிட்டு இறங்கி வந்தார். ஊசி அசையவே இல்லையாம். எல்லா வண்டியும் மேட்டில் கொதிக்கும், இது மட்டும் சமதரையில் கொதிக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டார்.

போ.அ. போனில் மரியாதையாகத்தான் பேசினார். இருபத்தெட்டாம் தேதி திங்களன்று லாரி வருமாம், வண்டியை எர்ணாகுளத்து ஒர்க்ஷாப்புக்கு ஏற்றிப் போக. அதற்குள் சரியானால் லாரி வேண்டாம்.

தேங்காய் இல்லை. கறிவேப்பிலையும்.

ஜூலை 21, திங்கள்

மார்க்கையன்கோட்டை அக்கா ஒருவர் கடையில் வந்து சண்டை. போன வாரம் கதவுப்பட்டை வாங்கிப் போனவர்.

"நீ குடுத்த பட்டைய ஒட்டுனதுல இருந்து காத்து சன்னல் சந்துல பூந்து ஊளையிடுது ஆத்தா. எங்க வீட்டுல அவுக தூங்க மாட்டாம எந்திரிச்சு உக்காந்துக்கிறாக."

கீழே அடைத்தால் காற்று சும்மா திரும்பிப் போய்விடுமா, வழி கிடைத்த இடத்தில் நுழையத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லி, ஜன்னலுக்கும் பட்டை விற்று அனுப்பினேன்.

அந்த அக்கா தெருவைத் தாண்டியிருக்க மாட்டார், எனக்கு உறைத்தது. போ.அ. வண்டியின் முகத்தில் காற்று நுழைய ஓட்டையே கிடையாது, வழித்துவிட்ட மாதிரி இருக்கும். ரேடியேட்டருக்குக் காற்று கீழே இருந்துதான் ஏற வேண்டும். மூக்குக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை தொங்கியதே, அது அழகுக்கு இல்லை. அடியில் ஓடும் காற்றை மறித்து மேலே திருப்பிவிடுவதற்கு. மலையில் மெதுவாக ஏறும்போது ஃபேன் இழுக்கும் காற்றே போதும். பைபாஸ் வேகத்தில் மறிக்க ஆள் இல்லாமல் காற்று வயிற்றுக்கு அடியிலேயே ஓடிவிடுகிறது.

அந்தப் பட்டையை அறுக்கச் சொன்னது யார்? நான். வண்டி வந்த முதல் மாதம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் தரையில் உரசுகிறது, ஊரே திரும்பிப் பார்க்கிறது, மானம் போகிறது என்று நச்சரித்தேன். அறுத்த துண்டு இப்போது எங்கள் கிரைண்டருக்கு அடியில். ஆடாமல் நிற்க நான்தான் மடித்து வைத்தேன்.

இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் சொல்ல வாயெடுத்தேன், குக்கர் விசில். மத்தியானம் கடைக்கு ஆள். சாக்குக்கா பஞ்சம்.

சாயங்காலம் இவர் பீரோவில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து மேஜை மேல் வைத்தார். அதைப் பார்த்ததும் இருந்த பயமெல்லாம் போய்விட்டது. கதவு, காற்று, அறுத்த பட்டை, கிரைண்டர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என்னால்தான் எல்லாம் என்று அழுதும் தொலைத்தேன்.

இவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நீ சொன்ன. அறுத்தது நான்ல," என்றார். "அது எதுக்குத் தொங்குதுன்னு நான்ல யோசிச்சிருக்கணும்."

கிரைண்டரைத் தூக்கிப் பட்டையை உருவினார். மாவு காய்ந்து, வெடித்து, ஒன்றுக்கும் ஆகாது. கடைச் சாவியைக் கேட்டார்.

ஜூலை 24, வியாழன்

என் கடையிலிருந்து போனவை: கனத்த ரப்பர் ஷீட் ஒன்று, மெல்லியது ஒன்று, கிளிப் பதினாறு.

பட்டை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதில் சண்டை. நீளமானால் பிய்ந்து போகும், குட்டையானால் காற்று தப்பிவிடும். மேலே பாதி விறைப்பாக, கீழே பாதி மெத்தென்று வைத்தால் வேகத்தடையில் மடங்கி மறுபடி நிமிரும் என்றேன். கதவுப்பட்டையில் தினம் பார்க்கிறேனே.

"பொண்டாட்டி பேச்சக் கேட்டுத்தான இம்புட்டும்," என்று முனகிக்கொண்டே அப்படியே அறுத்தார். சிரித்தார். இந்த மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே பைபாஸ். வலது பக்கம் நான். ஸ்டியரிங் இல்லாமல் ஒரு பொம்பிளை வண்டி ஓட்டுகிறாள் என்று எதிரே வந்தவர் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

அறுபது. எண்பது. பத்து நிமிஷம். ஊசி நடுவில். ஜெபம் செய்தேன். பாதியில் வார்த்தை மறந்து போய் வெறும் "ஆண்டவரே, ஆண்டவரே" மட்டும்.

சின்னமனூரில் திரும்புவதாகப் பேச்சு. திரும்பவில்லை. உத்தமபாளையம் போனது. ஊசி அங்கேயே. கம்பத்தில் நிறுத்தி, பன்னீர் திராட்சை வாங்கி, வண்டி மேல் சாய்ந்து நின்று தின்றோம். கல்யாணமான புதிதில்கூட இப்படி நின்றதில்லை. சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போதும் எண்பது. கொதிக்கவில்லை. போ.அ. லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மஸ்கட் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஏழு மணி. காற்று குறைவு. ஒர்க்ஷாப்பில் இவர் வண்டிக்கு அடியில், கிளிப்பை இறுக்கிக்கொண்டு. பெஞ்சில் இருந்த போன் அடித்தது. மஸ்கட் நம்பர். அடியிலிருந்து யார் என்று கேட்டார். சொன்னேன்.

"வரலேன்னு சொல்லிரு," என்றார்.

நான் சொல்லவில்லை. வாறார், வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று பதினோரு வருஷம் இவருக்காக ஊருக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். இதை இவர் வாயால் கேட்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, கையை வண்டிக்கு அடியில் நீட்டி, போனை ஆன் செய்து இவர் காதோரம் பிடித்தேன்.

"இல்லண்ணே, வரல. எனக்கு இங்கன வேல இருக்கு."