மஞ்சள் கோட்டைத் தாண்டியது யார்

முத்தாபுதுப்பேட்டை
3.3.2025

அன்புள்ள பானு,

நலமா என்று கேட்கமாட்டேன். நம் கம்பெனியின் பாடி ஆபீஸில் ஏசி காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன குறை வரப்போகிறது? இங்கே செம்பரம்பாக்கம் குடோனில் வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றால் உன் குழந்தை தூங்க வேண்டும், என் மாமியார் விழித்திருக்கிறார். ஆகவே நீ சொன்ன வழிதான். அஜித்குமார் தினமும் பில் கட்டை ஏற்றிக்கொண்டு பாடிக்கு வருகிற வேனில் இந்தக் கவரும் வரும். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை அவன்.

நீ கொடுத்த பாடத்தைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து குடோன் வரை வந்ததை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? நமக்கு வந்தேன் என்றால் வந்தேன்தான். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் உள்ளே வந்தாயா, மேலே ஏறினாயா, குறுக்கே போனாயா, ஓரமாகப் போனாயா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிச் சொல் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேள்வி இல்லை.

எட்டு வருஷமாகப் பெட்டி எண்ணுகிறேன். ஷிப்ட் லீடர் ஆக எனக்குக் குறைவது இந்தக் குட்டிச் சொற்கள்தான் என்றால் அதையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன். சிவப்பு மையைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவு செய்.

உன்
எழிலு

*

பாடி
6.3.2025

என் அருமை எழிலு,

உன் தாளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்காரர் எழுந்து வந்துவிட்டார். ஏரியைத் தாண்டி வந்தேன் என்பதற்கு 'த்ரூ த லேக்' என்று எழுதியிருக்கிறாய். நீந்தியா வந்தாய்? தாண்டி வந்தால் 'பாஸ்ட்'. கரை ஓரமாகவே வந்தால் 'அலாங்'. பஸ்ஸுக்கு 'ஆன்டு', ஆட்டோவுக்கு 'இன்டு'. ஏன் என்று கேட்காதே. பத்தாம் வகுப்பிலிருந்து இதையே கேட்டு என் உயிரை வாங்குகிறாய்.

மனப்பாடம் வேண்டாம், கண்ணால் பார்த்து எழுது. குடோன் தரையில் இரண்டு மஞ்சள் கோடு போட்டிருக்கிறதே, அதை வைத்துக்கொள். ஆட்கள் கோட்டுக்குள்ளே ஓரமாக நடந்தால் 'அலாங்'. வண்டி ஷட்டரிலிருந்து வெளியே வந்தால் 'அவுட் ஆஃப்'. கோட்டைக் குறுக்கே தாண்டினால் 'அக்ராஸ்'. ஒருவரை நோக்கி வந்தால் 'டுவர்ட்ஸ்'. தீர்ந்தது.

இன்டர்வியூ ஏப்ரல் நாலாம் தேதி. நம் பாதுகாப்பு மேனேஜர் சுப்பராயன் சாரும், இங்கிலீஷுக்கு மார்க் போட நானும்தான் உட்காரப்போகிறோம். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: குடோனில் நீ பார்த்த ஒரு நடமாட்டத்தை இங்கிலீஷில் விவரி. சொன்னது நான் என்று மூச்சு விடாதே. நீ ஜெயித்து எனக்குப் பூந்தமல்லியில் பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

பானு

*

19.3.2025

பானு,

நேற்று மதியம் வேம்புலி அண்ணன் காலில் ஃபோர்க்லிஃப்ட் ஏறிவிட்டது. லோடு இறக்குகிறவர், எனக்கு அடிக்கடி டீ வாங்கி வருவார் என்று சொல்வேனே, அவர்தான். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அவர் கோட்டுக்குள்ளேதான் நடந்து வந்தார். வண்டி நாலாம் நம்பர் ஷட்டரிலிருந்து பின்னோக்கி வந்து, கோட்டைத் தாண்டி, அவர் மேல் மோதியது. அந்த வண்டியின் ரிவர்ஸ் சத்தம் பதினைந்து நாளாக வேலை செய்யவில்லை.

ஆட்டோவில் தூக்கி வைத்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.

"நான் கோட்டுக்குள்ளதான் வந்துகினு இருந்தேன் எழிலு. நீ பாத்துகினுதானே இருந்தே? நீ சொல்லு."

"சொல்றேண்ணா" என்றேன்.

சாயங்காலம் சுப்பராயன் சார் வந்து, பார்த்த சாட்சி என்று என்னிடம் காலி ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "பாடியில இங்கிலீஷ்ல போட்டுப்பாங்க" என்றார். எது நடந்தாலும் இங்கே இதுதானே வழக்கம், போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் அது காலித் தாள் என்பதே உறைத்தது. நல்லவேளை, பாடியில் ஃபாரம் டைப் அடிக்கிறவள் நீதான், நிரப்பப்போவதும் நீ. மேலே இருப்பதை அப்படியே எழுதிவிடு. அவர் தப்பு என்று ஆகிவிட்டால் வேலையும் போகும், வைத்தியமும் அவர் பாடு.

எழிலு

*

22.3.2025

எழிலு,

ஃபாரம் மேலே போய்விட்டது. அதைப் பற்றி இனி வேனில் எதையும் எழுதி அனுப்பாதே. இதையும் படித்தவுடன் கிழித்துவிடு. இன்டர்வியூவுக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. 'இன்டு', 'ஆன்டு' இரண்டிலும் இன்னும் தடுமாறுகிறாய், அதைப் பார். வேம்புலிக்குக் கம்பெனி ஏதாவது செய்யும்.

பா.

*

27.3.2025

பானு,

நேற்று வேம்புலி அண்ணனின் மனைவி பொன்னியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். கையில் கம்பெனி அனுப்பிய கவர்.

"இன்னாமோ இங்கிலீஷ்ல கீதும்மா. நீ இங்கிலீஷ் படிச்சிகினு கீறியாமே, அவருதான் சொன்னாரு."

படித்தேன். உன் புண்ணியத்தில் ஒரு சொல் விடாமல் படித்தேன். வேம்புலி மஞ்சள் கோட்டைக் குறுக்கே தாண்டினாராம், 'அக்ராஸ்'. வண்டியை நோக்கிப் போனாராம், 'டுவர்ட்ஸ்'. வண்டி பாவம் சும்மா நின்றிருந்ததாம். எல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த சொற்கள்தான். கீழே என் கையெழுத்து. பின்னாலேயே வேலையை விட்டு நிறுத்துகிற கடிதம்.

ஒவ்வொரு வரியாக அவருக்கு அர்த்தம் சொன்னேன். கையெழுத்தையும் காட்டினேன். அவர் திட்டவில்லை. "அப்போ நீயும் பாக்கலியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதிலாக என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

காலி ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நிரப்பியது உன் தப்பு, நீ ஒத்துக்கொள். நடந்ததை நானே இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். நகல் உனக்கு. அடுத்த வாரம் தொழிலாளர் அதிகாரியிடம் கொடுக்கப்போகிறேன்.

எழில்

*

29.3.2025

எழில்,

சுப்பராயன் சார் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். மாட்டேன் என்றால் மறுநாள் என் சீட்டில் வேறொருத்தி. சரணுக்கு வேலை போய் ஐந்து மாசம் ஆகிறது, புருஷனையும் பிள்ளையையும் நான்தான் பார்க்கிறேன், உனக்குத் தெரியாததா? நீ நல்லவள் என்று பெயர் வாங்க என் வீட்டு அடுப்பா அணைய வேண்டும்?

உன் தாளில் மூன்று தப்பு. சிவப்பில் சுழித்து அனுப்பியிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு போனால், இங்கிலீஷ் தெரியாதவள் எதையோ உளறியிருக்கிறாள் என்று கம்பெனி வக்கீல் சிரிப்பார். கொடுக்காதே. நாலாம் தேதி உனக்கு மார்க் போடுவதும் நான்தான். எட்டு வருஷத்தை ஒரு தாளுக்காகக் கெடுத்துக்கொள்ளாதே. தோழியாகத்தான் சொல்கிறேன்.

பானு

*

முத்தாபுதுப்பேட்டை
2.4.2025

பானுப்பிரியாவுக்கு,

இந்தக் கடிதம் வேனில் வரவில்லை. ஸ்பீட் போஸ்ட்டில், ஆபீஸ் விலாசத்துக்கே வருகிறது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும்.

தாளை நேற்றே கொடுத்துவிட்டேன். மூன்று தப்போடுதான் கொடுத்தேன். நீ சுழித்தது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் உன் சிவப்பு மை பட்டால் அது மறுபடியும் பாடி ஆபீஸ் எழுதிய தாளாகிவிடும். இது நான் எழுதியது. பின்னால் தமிழிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், அதில் சுழிக்க உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. காலி ஃபாரக் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

இன்று காலை சுப்பராயன் சார் வேறு எதற்கோ காலி ஃபாரத்தை நீட்டினார். "மொதல்ல இன்னா எழுதப் போறீங்கோன்னு எழுதுங்கோ சார், அப்பால போட்றோம்" என்று லோடிங் அபிஷேக் கையைக் கட்டிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. நானும்தான்.

உன் அடுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். சரணுக்கு வேலை போன அன்று உன்னோடு உட்கார்ந்து அழுதவள் நான். இப்போதும் மனசு வலிக்கிறது. ஆனால் பொன்னியம்மா வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். தாளில் உன் பெயரை நான் எழுதவில்லை. பாடியில் நிரப்பினார்கள் என்று மட்டும்தான் எழுதினேன். உன் பெயரைச் சொல்ல வேண்டியது நீ.

நாலாம் தேதி காலை பத்து மணிக்கு இன்டர்வியூவுக்கு வருகிறேன். பயந்து வராமல் இருந்துவிடுவேன் என்று நினைக்காதே. நீயும் சுப்பராயன் சாரும் எதிரே உட்காருங்கள். எல்லாரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியை என்னிடமும் கேள். குடோனில் நான் பார்த்த ஒரு நடமாட்டம் இருக்கிறது. எதிலிருந்து வெளியே வந்தது, எந்தக் கோட்டைத் தாண்டியது, யாரை நோக்கி வந்தது, எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லப்போகிறேன். மெதுவாகவே சொல்கிறேன். உட்கார்ந்து மார்க் போடு.

எழிலரசி