அக்காவையும் கேட்பார்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன். நீயாவது நன்றாக இரு.

என்னடா இவள் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நான் பட்டாணியின் அப்பாவுக்குப் போனில் அனுப்பிய செய்திகளையெல்லாம் அவருடைய வக்கீல் அச்சடித்து, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, கோர்ட்டில் கொடுத்துவிட்டார். ஆத்திரத்தில் "நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டிருந்தேன். அதை அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அன்றிலிருந்து போனில் ஓர் எழுத்தைக்கூடத் தட்டுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணி யாரோடு இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஜட்ஜ் ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாவை நியமித்திருக்கிறார். என்னைப் பார்ப்பாராம், அவரைப் பார்ப்பாராம், பிள்ளையைத் தனியாகப் பார்ப்பாராம், இரண்டு வீட்டுக்கும் வருவாராம். கடைசியில் ஓர் அறிக்கை. "பெரும்பாலும் ஜட்ஜ் அந்த அறிக்கைப்படிதான் போவார்" என்று சொல்லிவிட்டு என் வக்கீல் அவர் பாட்டுக்குக் காபி குடிக்கிறார்.

நீ பதினேழு வருஷமாக உங்கள் ஊர் கோர்ட்டுக்கு இதே வேலையைத்தானே செய்கிறாய்? என்ன பார்ப்பார்கள், என்ன கேட்பார்கள், எதைச் சொன்னால் நல்லது? நேற்று லேபில் ஒரு பெரியவருக்கான பல் செட்டில் மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் பதித்துவிட்டேன். "அந்த மனுஷன் சாப்பிடணுமா வேணாமா?" என்று முதலாளி கத்தினார். என் புத்தி என்னிடம் இல்லை, அக்கா. எட்டு வயதுப் பிள்ளை. அவள் இல்லாத வீட்டுக்கு நான் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு போக முடியாது. உடனே எழுது.

உன்
சில்லு

மார்ச் 9

என் சில்லுவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அக்காவாக. இரண்டாம் தடவை படிக்கும்போது கையில் பேனாவை எடுத்து அடிக்கோடு போட ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி, என்ன செய்ய.

அடியே, பரீட்சைக் கேள்வித்தாளை முன்கூட்டிக் கேட்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லையா? நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது தப்பு என்பது ஒரு பக்கம். சொன்னால் உனக்கே கேடு என்பது இன்னொரு பக்கம். படித்துவிட்டு வந்த பதிலை நாங்கள் மோப்பம் பிடித்துவிடுவோம்.

அந்த அம்மா உனக்கு எதிரியும் இல்லை, உன் வீட்டுக்காரருக்குக் கூட்டாளியும் இல்லை. உங்கள் இருவரில் யார் நல்லவர் என்று தேடி அவர் வரவில்லை. இந்தப் பிள்ளை எங்கே இருந்தால் பயமில்லாமல் வளரும் என்று பார்க்கத்தான் வருகிறார். வீட்டைப் பளபளவென்று தேய்த்து வைக்காதே. பிள்ளை இருக்கிற வீடு பிள்ளை இருக்கிற வீடாக இருக்கட்டும். கேட்டதற்கு உண்மையைச் சொல். பிள்ளையின் அப்பாவைப் பற்றி நல்லது ஏதாவது இருந்தால் அதையும் சொல். இருக்கிறது, எனக்குத் தெரியும். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்திலிருந்துகூடப் பள்ளி விடும் நேரத்துக்கு ஓடி வந்து நிற்கிற மனுஷன்தானே அவர்?

ஒன்றே ஒன்று. பட்டாணிக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதே. ஒரு வார்த்தைகூட.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

என்னைத் திட்டாதே. திட்டுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

சைக்காலஜிஸ்ட் அம்மா வீட்டுக்கு வந்தார். குள்ளமாக இருக்கிறார், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தும்முகிறார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார் என்று காலையிலேயே அதைக் கழுவி வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பட்டாணியிடம் பென்சிலும் தாளும் கொடுத்து, "உங்க குடும்பத்தை வரைஞ்சு காட்டேன்" என்றார். நம் ராஜாத்தி அவர் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா சொன்ன படம் வரையட்டுமா? இல்ல என் படம் வரையட்டுமா?"

அக்கா, அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா!

ஆமாம், சொல்லிக் கொடுத்தேன். நீ அவ்வளவு சொல்லியும் செய்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி வரை என்று ஒரு வாரமாக வரையவைத்தேன். அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். அந்த எழுத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. பிள்ளையை நன்றாகத் தெரிந்த உறவினர் ஒருவரைச் சொல்லச் சொல்லி இருவரிடமும் கேட்டிருக்கிறார். பட்டாணியின் அப்பா யாரைச் சொன்னார் தெரியுமா? உன்னை! "அவங்க வீட்டிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவங்க அக்காதான். அவங்ககிட்ட கேளுங்க" என்றாராம். என் வக்கீலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று வாரம் உனக்குத் தெரியும். அவர் வீட்டை விட்டுப் போன புதிதில் நான் படுக்கையை விட்டு எழவே இல்லையே. ஆறு வயதுப் பிள்ளை தானே பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு, இரண்டு பெரிய தெருவைத் தனியாகத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் உனக்குப் போன் போட்டு, நீ வந்து கதவைத் தட்டினாய். அந்த டீச்சர் இப்போது வேறு ஊரில். பட்டாணியின் அப்பாவுக்கு இது தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

அந்த மூன்று வாரத்தை மட்டும் சொல்லாதே, அக்கா. உன் காலில் விழுகிறேன். ஏற்கெனவே அந்தப் படம் வேறு. இதுவும் சேர்ந்தால் பிள்ளை கைநழுவிப் போய்விடுவாள்.

சில்லு

மார்ச் 25

சில்லு,

நீ கேட்டதைச் செய்ய என்னால் முடியாது.

வளைத்து வளைத்து எழுதிப் பார்த்தேன், நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். இதைவிட மெதுவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவாகக் கேட்காவிட்டால் நானாக எதையும் எடுத்துக் கொடுக்கமாட்டேன். கேட்டால் சொல்வேன். தினமும் என் எதிரில் யார் யாரோ வந்து உட்காருகிறார்கள். அவர்களுடைய அக்காவும் அத்தையும் சித்தப்பாவும் போனில் உண்மை சொல்வார்கள் என்று நம்பித்தானே நான் ஒரு பிள்ளையின் தலையெழுத்தைப் பற்றி எழுதுகிறேன்?

ஆனால் கேள். அந்த மூன்று வாரம் உன் குற்றமில்லை. நீ நோயாளியாக இருந்தாய். டாக்டரிடம் போனாய், ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டாய், எழுந்தாய், வேலைக்குப் போனாய். அதன்பிறகு ஒரு நாளாவது பிள்ளை தனியாகத் தெருவைத் தாண்டியிருக்கிறாளா? என்னைக் கேட்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு. படம் வரையச் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல். பயந்துபோய்ச் செய்தேன் என்று சொல். ஒரு தாய் தானாக வந்து சொல்வதற்கும், அதை நாங்களாகக் கண்டுபிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

எனக்கும் தூக்கமில்லை. அதையாவது நம்பு.

அக்கா

மார்ச் 28

நீ என் அக்காவா, கோர்ட்டு ஆளா? அதை முதலில் முடிவு பண்ணு.

உனக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுத உனக்குக் கை வந்திருக்காது. சொல்லித் தொலை. எல்லாவற்றையும் சொல். இனி எனக்கு எழுதாதே.

ஏப்ரல் 2

சில்லுக்குட்டி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்ததும் கொளுத்திவிடு.

இன்று காலை பதினோரு மணிக்கு அந்த அம்மா போன் செய்தார். முதலில் என் தொழிலைச் சொன்னேன். "தெரியும், அதனால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது" என்று தும்மிக்கொண்டே சிரித்தார். பட்டாணி எதற்குப் பயப்படுவாள், உனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாய், எல்லாம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "உங்க தங்கச்சியால குழந்தையைப் பார்த்துக்க முடியாமப் போன காலம் ஏதாவது இருந்ததா?"

நானே நூறு பேரிடம் இதே குரலில் கேட்டிருக்கிற கேள்வி. மறுபக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நான் சொல்லப்போவதை எந்த வாக்கியமாக எழுதுவார் என்றுகூட எனக்குத் தெரியும். "குழந்தை பயிற்றுவிக்கப்பட்டுள்ளது" என்று ஒன்று ஏற்கெனவே எழுதியிருப்பார். அதற்குக் கீழே இது வரும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவர் இடத்தில் நான் இருந்தாலும் பிள்ளையை உன்னிடமிருந்து வாங்கி அப்பாவிடம் கொடுக்கச் சொல்லித்தான் எழுதியிருப்பேன். அப்படி ஒரு தாயைப் பற்றி எழுதியும் இருக்கிறேன்.

"இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தடவை இல்லை, சில்லு. "நிச்சயமாகவா?" என்றார். "நிச்சயமாக" என்றேன். போனை வைத்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் முன்னால் எழுதியதை மறந்துவிடு. நீ இனிமேல் எதையும் சொல்லக் கூடாது. நம் இருவர் வாயிலிருந்தும் ஒன்றுதான் வர வேண்டும். புரிகிறதா? தயவுசெய்து.

அக்கா

ஏப்ரல் 2

என் தங்க அக்கா,

முதலில் மன்னிப்பு. பிள்ளை இல்லை என்று உன்னை எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப்போட வேண்டும். தபால் பெட்டியில் போட்ட அடுத்த நிமிஷமே கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன், முழங்கைவரைதான் போனது.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன்! லேபில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்கு அந்த அம்மாவின் அலுவலகத்துக்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படுத்தே கிடந்தது, பிஸ்கட், தெருவைத் தாண்டியது, டாக்டர், மருந்து, கடைசியில் படம். அழுகை அழுகையாக வந்தது. அவர் ஒரு தடவைகூட என்னைத் தடுக்கவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பிறகு, "இது உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாமலா? அவதானே வந்து எங்க ரெண்டு பேரையும் தூக்கி நிறுத்தினா! இங்க வந்து சொல்லச் சொன்னதும் அவதான்" என்று பெருமையாகச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இனி உனக்கும் பயமில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லலாம். நீ சொன்னதுதான் சரி, அக்கா. எப்போதும் நீ சொல்வதுதான் சரி. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

உன்
சில்லு

ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. தேதியைப் பார்த்தேன். பதினோரு மணி என்று எழுதியிருக்கிறாய். நான் போனது மூன்று மணிக்கு.

ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன். போன் எடுக்க மாட்டேன் என்கிறாயே. நேற்றிலிருந்து எட்டுத் தடவை கூப்பிட்டேன். நான் திரும்பப் போய், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நான் சொன்னது எல்லாம் பொய் என்று சொல்லிவிடட்டுமா? நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன். கொளுத்தச் சொன்னதைக் கொளுத்திவிட்டேன். கொளுத்தி என்ன பிரயோசனம்?

சில்லு

மே 14

என் சில்லுவுக்கு,

உன் வக்கீல் அனுப்பிய அறிக்கை வந்தது. அடுத்த வாரம் தீர்ப்பு வரும்போதுதான் நீ நிம்மதியாக மூச்சு விடுவாய் என்று தெரியும். ஆனால் இந்த அறிக்கைக்கு மாறாக எந்த ஜட்ஜும் போகமாட்டார். பட்டாணி பள்ளி நாட்களில் உன்னோடு, வாரக்கடைசியில் அவரோடு. அந்த அம்மா நன்றாக எழுதியிருக்கிறார். நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். உன் நோயைப் பற்றி அரைப் பக்கம். அதில் ஒரு வார்த்தைகூட உன்னைக் குத்தவில்லை. "தாய் தானாக முன்வந்து கூறினார்" என்ற வரியை நீ சட்டம் போட்டு மாட்டிவைத்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. "தாயின் சகோதரி அளித்த தகவல் உண்மைக்கு மாறானது என்பதால் கணக்கில் எடுக்கப்படவில்லை." அதைப் படித்துவிட்டு நீ எத்தனை நாள் அழுதாய் என்று கேட்கமாட்டேன். போதும், நிறுத்து. நீ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லச் சொன்னது நான். பொய் சொன்னதும் நான்.

அறிக்கை வருவதற்கு முன்பே எங்கள் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். விசாரணை முடியும்வரை எனக்கு வழக்கு எதுவும் தரமாட்டார்கள். அவர் நல்ல மனுஷர். "தங்கச்சின்னா யாருக்கும் மனசு தடுமாறும்மா. அந்த நேரத்துப் பதற்றத்துல சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆறு மாசத்துல திரும்ப வந்துடலாம்" என்றார்.

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால், அந்த அம்மா நாளைக்கே மறுபடி போன் செய்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதற்றம் எதுவும் இல்லாமல், நன்றாக யோசித்து, இல்லை என்றுதான் சொல்வேன், சில்லு.

அதனால் மேலதிகாரிக்கு, வேலையை விடுவதாக வேறு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அந்த வேலைக்கு நான் போகக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பட்டாணியைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிவருகிறேன் என்று அவள் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன்
அக்கா