உப்புப் போடாத நெத்திலி

மூக்கண்டப்பள்ளிக் கடைத்தெருவில் இன்று கருவாடு வந்திருக்கிறது. வாடை பட்டதுமே, வாங்க வந்த தக்காளியை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் என்னால் கருவாட்டுக் கடையைத் தாண்டி நடக்க முடியவில்லை.

கல்யாணமானதும் உனக்கு வீடு பிடித்துக் கொடுத்தது நான்தான். கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். வீடும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று ஆசை. ஹவுஸ் ஓனர் அம்மா சைவக்காரர்களுக்குத்தான் விடுவார். நாகரசம்பட்டியில் கிடா விருந்து சாப்பிட்டு வளர்ந்த நானே சைவம் என்று சொல்லித்தான் குடிவந்திருந்தேன். ராமேஸ்வரத்துக்காரியான உன்னையும் கூசாமல் "சுத்த சைவம்ங்க" என்றேன். வெளியே வந்து நீ சிரித்த சிரிப்பு! "எங்கப்பா காதுல விழுந்தா கடல்ல குதிச்சிருவாருடி."

மீன் பேச்சு வந்தால் உனக்கு வாய் ஓயாது. "பெரிய மீனெல்லாம் ஐஸ் பெட்டியில ஏறி வெளிநாடு போயிரும். பொடி மீனுதான் எங்களுக்கு. சத்தெல்லாம் அதுலதான்டி இருக்கு" என்பாய்.

நீ மாசமானபோது ரத்தம் குறைவு என்றார்கள். மீன், முட்டை, கீரை என்று நன்றாகச் சாப்பிடச் சொன்னார் மாத்திரை கொடுத்த நர்ஸ். மாசமான பெண்ணுக்கு உப்பு ஆகாது என்று, உன் அம்மா உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலியை ஒரு டப்பா நிறைய பஸ்ஸில் கொடுத்துவிட்டார். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "ஒரே ஒரு நாளு வறுத்துக்கட்டுமா?"

"வாடை வந்தா ரெண்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்க. பிரசவத்துக்கு ஊருக்குப் போயி ஆசை தீர சாப்புடு."

டப்பாவை நானே வாங்கிக் கேன்டீன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எட்டாம் மாசத்திலேயே வலி கண்டு, ரத்தப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாய். குழந்தையும் தங்கவில்லை.

ஒரு டப்பா நெத்திலி உன்னைக் காப்பாற்றியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் காரியம் முடிந்த மறுநாள் ஓனர் அம்மா வந்து உட்கார்ந்தபோது, மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழுதார்.

"அய்யோ தேவுடா, மாசமா இருக்கற பொண்ணு! ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணான்னா சொல்லியிருப்பேன்?"

நான் கேட்கவே இல்லை. அவர் மறுப்பார் என்று நானே முடிவு கட்டி, உன் வாயைக் கட்டிவிட்டேன்.

உன் அம்மா இன்னமும் போன் செய்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான்: "நான் குடுத்துவிட்டத அவ சாப்பிட்டாளாம்மா?"

"சாப்ட்டாம்மா" என்கிறேன்.