உள்ளுக்கு என்ன இருக்கு?

மச்சான்,

இன்றைக்கு இங்கே சிட்னியில், பென்டில் ஹில் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அடுத்த தெரு அன்ரி ஓடி வந்து, இறுக்கிக் கட்டிய பார்சல் ஒன்றைக் கையில் திணித்தா. "தம்பி, லண்டனுக்குப் போறியளாம். இதை என்ர மகளிட்டக் குடுத்துவிடுங்கோ." மிளகாய்த்தூள் வாசம். நான் போவது உன் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு என்று அவவுக்கு என்ன தெரியும்?

நீ லண்டனிலிருந்து பாரிஸ் தமிழ்க்கடைகளுக்கு மரக்கறி லொறி ஓடிய காலத்தில், உன் சீற்றுக்குப் பின்னால் எந்த நாளும் யாராவது தந்த பார்சல் கிடக்கும். நான் சிட்னிக்கு வரமுதல் எத்தனை தடவை உன்னோடு வந்திருப்பேன்! பாஸ்போட்டைக் காட்டினால் சரி, சாமானை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பிறகு பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. கீரைக்கட்டுக்கும் பத்திரம் வேண்டும் என்றானது. அதைக்கூடச் சமாளித்தாய். ஆனால் ஏலாது என்று சொல்ல உனக்கு வாய் வராதே. பாரிஸில் இருக்கும் பிள்ளைத்தாச்சி மகளுக்கென்று ஒரு தாய் தந்த பார்சலுக்குள் இறைச்சி வத்தல். அங்கே இறைச்சி கொண்டுபோகவே கூடாது. எல்லையில் சுங்கக்காரர் லொறியை மறித்து முழுச் சாமானையும் இறக்கிக் கிளறினார்கள். மரக்கறி அழுகிப்போனது. கடைக்காரர் இரண்டு பேர் உன்னைக் கைவிட்டார்கள்.

"இன்னொருக்கா மறிச்சாங்களெண்டால் என்ர கதை முடிஞ்சுது மச்சான்" என்று போனில் அழுதாய். எனக்கு அந்த மனுசி மேல் பற்றிக்கொண்டு வந்தது. நீயோ, "பாவமடா, மகளுக்கு வாய்க்கு ருசியா ஒண்டு குடுக்கத்தானே பாத்தவ" என்றாய்.

அதற்குப் பிறகும் பார்சல் வாங்கினாய், விசரா. ஒவ்வொன்றையும் பிரித்து, "உள்ளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாய். "எங்களை நம்பேல்லையோ?" என்று சனம் முகத்தைத் தூக்கியது. மிஞ்சிய கடைகளையாவது பிடித்துவைக்க ஓய்வில்லாமல் ஓடினாய். நெஞ்சு நோகுது என்றவனை டொக்டரிடம் போகச் சொன்னால், "இந்த லோட்டை இறக்கிப்போட்டுப் போறன்" என்பாய்.

டோவர் துறைமுகத்தில், கப்பலுக்குக் காத்துநின்ற லொறி வரிசையில், ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டாய். அடுத்த நாள் உன் தம்பிதான் அந்த லோட்டைக் கொண்டுபோனான். எல்லாம் சரியாக இருந்ததாம். ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டார்களாம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட நீ இல்லையேடா!

கடையில் வைத்தே அன்ரியின் முடிச்சை அவிழ்த்தேன். "உள்ளுக்கு என்ன இருக்கு, அன்ரி?" அவவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏன் தம்பி, நான் என்ன கஞ்சாவே தந்தனான்?"

தூளும் பயத்தம் பணியாரமும்தான். திரும்பக் கட்டிப் பைக்குள் வைத்தேன். லண்டனில் இறங்கினதும் முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் போவேன். உன் படத்துக்கு முன்னால் நின்று அழுவது அதற்குப் பிறகு.

இந்த லோட்டை இறக்கிப்போட்டு வாறன், மச்சான்.