கூடிப்போன ஒருவர்

2008 பெப்ரவரி 11

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை. மூன்று இடத்திலும் கணினி பொருத்தியாகிவிட்டது. லொட்ஜ் ஒவ்வொன்றிலும் தொலைபேசியோடு இணைத்த ஒரு சின்னப் பெட்டி. தமிழர் ஒருவர் வந்து தங்கினால் பச்சைப் பட்டன். எண்ணிக்கை ஒன்று கூடும். போனால் சிவப்பு, ஒன்று குறையும். மூன்று கணினியும் தங்கள் கணக்கை ஒன்றுக்கொன்று சொல்லிக் கூட்டிக்கொள்ளும். பொலிஸ் காரியாலயத்தில் இருக்கும் அதிகாரி ஒவ்வொரு லொட்ஜின் மொத்தத்தையும் திரையில் பார்ப்பார்.

மனிதரை மூட்டை போல எண்ணுகிற வேலை. எழுதியவன் நான். வேறு வேலை கிடைத்திருந்தால் போயிருப்பேன். கிடைக்கவில்லை.

பெப்ரவரி 14

வெள்ளவத்தையில் நவரத்தினம் ஐயாவின் லொட்ஜுக்குப் போய்ப் பெட்டியைக் காட்டிக்கொடுத்தேன். யாழ்ப்பாணத்து ஆள், ஐம்பது தாண்டியிருக்கும். எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்கிறார்.

"தம்பி, அமத்திப்போட்டன். பதில் வரேல்லை. போச்சோ, போகேல்லையோ?"

அதுதான் சிக்கல். தகவல் போகாமல் விட்டதா, போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா, இந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. லைனும் மோசம். விட்டுவிட்டால் ஒன்று குறையலாம். திரும்ப அழுத்தினால் ஒன்று கூடலாம்.

குறைந்தால், பதிவில் இல்லாத ஒருவர் அறையில் இருக்கிறார். அப்படி அகப்பட்டவர்களுக்கு என்ன நடக்கிறது என்று இந்த ஊரில் எந்தத் தமிழருக்கும் சொல்லத் தேவையில்லை. கூடினால் என்ன? இல்லாத ஆளை யார் அடிக்கப் போகிறார்கள்?

"திரும்ப அமுக்குங்க ஐயா. ஒண்ணு கூடினாப் பரவாயில்ல" என்றேன்.

மார்ச் 3

ஒரே பாதையில் மூன்று சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 6

நவரத்தினம் ஐயாவைப் பொலிசார் கொண்டுபோய்விட்டார்கள்.

அவருடைய மனைவி அருந்ததியக்கா தொலைபேசியில் அழுதார். திரையில் பன்னிரண்டு பேராம். அறைகளில் பதினொரு பேராம். "கோ அனித் எக்கெனா? மற்ற ஆள் எங்கே எண்டு சிங்களத்திலை கேட்டுக் கேட்டு அடிச்சவங்கள் தம்பி. இல்லாத ஆளை மனுசன் எங்கையெண்டு காட்டுறது?"

இல்லாத ஆளை யாரும் அடிக்கமாட்டார்கள் என்று நினைத்தேனே. இருக்கிறவரை அல்லவா அடிக்கிறார்கள்.

மார்ச் 7

பதிவுகளைத் தோண்டினேன். ஞாயிறு காலை 9.42க்கு ஒரு அழுத்தல், வெள்ளவத்தைக் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதில் திரும்பவில்லை. 9.43க்கு இன்னொன்று, வெள்ளவத்தை லைன் கிடைக்காததால் பெட்டி கொட்டாஞ்சேனைக் கணினிக்கு அனுப்பியிருக்கிறது. அங்கேயும் ஒன்று. பிறகு இரண்டு கணினியும் பேசிக்கொண்டு ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று முடிவு கட்டியிருக்கின்றன. லொட்ஜ் புத்தகத்தில் அந்த நேரத்தில் வந்தவர் ஒரே ஒருவர். சிவக்கொழுந்து என்கிற அம்மா, கனடா விசாவுக்காகக் காத்திருப்பவர்.

இரண்டு அழுத்தலும் ஒரே ஆள்தான் என்று தெரிந்துகொள்ள நான் கணினிக்கு எதையும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை?

முதலாளி மக்கீனிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"மூளை கொழம்பிட்டா ஒனக்கு? தமிழன் எழுதின மெசின்ல ஒரு தமிழன் கூடிட்டான்னு போய்ச் சொல்லப் போறியா? மொதல்ல ஒன்னத்தான் தூக்குவானுகள்."

"அடி வாங்குறவருக்கு யாரு பதில் சொல்றது?"

"நீ உள்ளுக்குப் போனா அவர் வெளிய வருவாரா, சொல்லு பாப்பம்."

வெறும் பேச்சில்லை. உண்மை. அதனால்தான் பயம்.

மார்ச் 8

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டு விளக்கை அணைத்தேன். கீழ்வீட்டுத் தபால்காரர். அவ்வளவுதான்.

மார்ச் 10

காரியாலயத்துக்குப் போனோம். மக்கீனும் வந்தார், அதை மறக்கக் கூடாது. பதிவுகளை அச்சிட்டுக் கொண்டுபோன தாள்களை அதிகாரி ஒழுங்காகப் படித்தார். அதுவே எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

பன்னிரண்டாவது ஆளை ஒளிக்கத்தான் இந்தக் கதையைச் சொல்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். ஒருவர் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? 9.42, 9.43 என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், இனி இப்படி நடக்காமல் செய்ய முடியுமா என்றார். முடியும் என்றேன். ஒவ்வொரு வருகையோடும் பெயர், அடையாள அட்டை இலக்கம், அறை எண் அனுப்பினால் போதும். பத்துத் தரம் வந்தாலும் ஒரே ஆள்தான் என்று கணினி கண்டுகொள்ளும்.

"செய். பிறகு உன் ஆளைக் கூட்டிப் போ."

மூன்று நாள் தந்தார்.

மார்ச் 13

முடிந்தது. லைனைப் பிடுங்கிப் பிடுங்கி அனுப்பிப் பார்த்தேன். ஒன்று ஒன்றாகவே நிற்கிறது. பட்டன் பெட்டிகளை எடுத்துவிட்டு லொட்ஜ்களுக்கு விசைப்பலகை கொடுக்கிறோம். பழைய லொட்ஜ் புத்தகங்களை எல்லாம் கூட வேலை செய்கிற மாக்ரெட் தட்டி ஏற்றினாள். பாதியில் நிறுத்தினாள்.

"இருளப்பா, முந்தி நம்பர் மட்டுந்தானே போச்சு? இப்ப பேரெல்லாம் போகுது."

"நவரத்தினம் ஐயா வெளிய வரணும்ல?"

அவள் திரும்பத் தட்டத் தொடங்கினாள்.

மார்ச் 15

ஐயாவை விட்டுவிட்டார்கள். வலது கையால் கோப்பையைப் பிடிக்க அவரால் முடியவில்லை. அருந்ததியக்கா பிடித்துக் குடிக்க வைத்தார்.

"அமுக்கச் சொன்னது நான்தான் ஐயா."

"அதை விடும். நீர் போய்க் கதைச்சபடியாத்தான் வந்தனான்."

அவர் திட்டியிருக்கலாம்.

மார்ச் 29

காலை ஐந்தரைக்கு நவரத்தினம் ஐயாவின் லொட்ஜுக்கு வந்திருக்கிறார்கள். முன்பென்றால் எல்லாரையும் கீழே இறக்கி வரிசையில் விட்டு எண்ணுவார்கள். இன்று எண்ணவில்லை. கையில் தாள் இருந்ததாம். நேரே அறை வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு பேர். பஸ்ஸில் ஏற்றினார்கள். எங்கே என்று சொல்லவில்லை.

மூன்றாவது பெயர் சிவக்கொழுந்து. "என்ர பேர் இவைக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?" என்று அந்த அம்மா ஐயாவிடம் கேட்டாராம். தொலைபேசியில் அதை எனக்குச் சொல்லிவிட்டு ஐயா வைத்துவிட்டார்.

காரியாலயத்துக்கு மிகவும் திருப்தி என்று மக்கீன் பகல் வந்து சொன்னார். அடுத்தது தெமட்டகொடையும் கல்கிசையுமாம். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

மாலை கணினியில் அந்தத் தாளில் இருந்த பட்டியலைத் திறந்து லொட்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒருவர் கூடவில்லை. ஒருவர் குறையவில்லை. எழுத்துப் பிழைகூட இல்லை.